உச்சிக்குழி ஏன் உள்வாங்குகிறது?

அக்கா மகனுக்கு அப்போது எட்டு மாதம். காலையிலிருந்து ஆறேழு தடவை தண்ணீராகப் போயிருந்தான். மதியம் வரை ஒரே அழுகை. பாலாடையை வாயருகே கொண்டுபோனால் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் குடித்தான். மூன்று மணிக்கு மேல் அழுகை நின்றது. "அப்பாடா, தூங்கிட்டான், யாரும் எழுப்பாதீங்க" என்று வீடே சத்தமில்லாமல் நடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து தலையைத் தடவிப் பார்த்தார். "உச்சி உள்ளே போயிருக்கு. இது தூக்கமில்ல, உடனே தூக்கிட்டுப் போங்க."

எங்களுக்கு நிம்மதி தந்த அந்த அமைதிதான் நீரிழப்புக்கு இருப்பதிலேயே மோசமான அறிகுறி.

பிறந்த குழந்தையின் எடையில் சுமார் முக்கால் பங்கு தண்ணீர். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல்பரப்பும் அதிகம். ஆவியாகப் போவதும் அதிகம். சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் திறமை அதன் சிறுநீரகத்துக்கு இன்னும் முழுதாக வரவில்லை. தாகம் எடுத்தால் கேட்கவும் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு கிலோ குழந்தையிடமிருந்து 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர், போனாலே எடையில் 5 சதவீதம் போய்விட்டது. நீரிழப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பது ஏறக்குறைய இங்கேதான். 10 சதவீதத்தைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் குறையும்போது உடம்பு முதலில் ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றப் பார்க்கும். தோலுக்கு அடியில் செல்களுக்கு இடையே உள்ள நீரை எடுத்து ரத்தக் குழாய்க்குள் சேர்க்கும். அதனால்தான் கிள்ளிய தோல் உடனே படியாமல் மடிந்து நிற்கிறது. கண்ணைச் சுற்றிய திசுக்கள் வற்றுவதால் கண் குழி விழுகிறது. உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடவில்லை, மேலே வெறும் சவ்வுதான். மண்டைக்குள் அழுத்தம் குறைந்ததும் அது உள்வாங்குகிறது. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலும் மூடிவிடும். குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதுதான் அதைப் பார்க்க வேண்டும், அழும்போது அது மேலே எழும்பும்.

தோலைக் கிள்ளிப் பார்ப்பதற்கும் முறை உண்டு. தொப்புளுக்கும் விலாப் பக்கத்துக்கும் நடுவே, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மேலும் கீழுமான மடிப்பாகத் தூக்கி, ஒரு வினாடி பிடித்து விட வேண்டும். சட்டென்று படிந்தால் சரி. மெதுவாகப் படிந்தால் நீர் குறைகிறது. இரண்டு வினாடிக்கு மேல் மடிப்பு நின்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஆனால் இதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கொழுகொழு குழந்தைக்குத் தோல் நன்றாகவே படியும், மெலிந்த குழந்தைக்கு நீர் குறையாமலே மடிப்பு நிற்கும். பால்பவுடரைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்து உடம்பில் உப்பு ஏறிப்போன குழந்தைக்கும் தோல் ஏமாற்றும். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடுவதால் மேலே பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு எப்போதுமே கண்ணீர் வராது, அதைப் பார்த்தும் பயனில்லை.

அதனால்தான் நடத்தையைக் கவனிக்கச் சொல்கிறேன். எரிச்சலும், ஆவலாகக் குடிப்பதும் முதல் படி. மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்போது குழந்தை துவள்கிறது, கொடுத்தாலும் குடிப்பதில்லை. அந்த நிலையில் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. தொக்கம் எடுக்கவும் அலையாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

முதல் படியிலேயே பிடித்துவிட்டால் ஓஆர்எஸ், அதாவது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த கரைசல், போதும். குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கிலும் இந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியே கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சர்க்கரை கூடிப்போனால் அதே குடல் தண்ணீரை வெளியே இழுக்கும். குளிர்பானமும் பாக்கெட் ஜூஸும் வேண்டாம் என்பது இதனால்தான். ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகப் போட்டுவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

அவனுக்கு ராத்திரி முழுக்க ட்ரிப்ஸ் ஏறியது. நர்ஸ் அடிக்கடி வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். ரத்த ஓட்டம் சரியானால்தான் சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடும். விடிகிற நேரத்தில் துணி நனைந்திருந்தது. "ஒண்ணுக்குப் போயிட்டான்மா" என்று அவர்தான் அக்காவை எழுப்பிச் சொன்னார்.