கசிப்பில் கண்ணைப் பறிப்பது எது?

கசிப்பு என்பது இலங்கையில் அனுமதியின்றிக் காய்ச்சும் சாராயம். அதற்காகச் சீனியும் ஈஸ்டும் போட்டுப் புளிக்கவைத்த கோடாவில், கண்ணைப் பறிக்கும் மதுசாரமான மெதனோல் அனேகமாக உருவாவதே இல்லை. ஆனாலும் கசிப்பு குடித்துக் கண் போனவரைப் பற்றிப் பேச்சு வந்தால், "காய்ச்சினவனுக்குப் பதம் தெரியாது, அதுதான்" என்று யாராவது சொல்வார்கள். பிழை பதத்தில் இல்லை. ஈஸ்ட் சீனியை உடைத்தால் வருவது வெறியூட்டும் எதனோலும் காபனீரொட்சைட்டும்தான். பழத்தோலிலும் தண்டிலும் உள்ள பெக்டினிலிருந்து சிறிதளவு மெதனோல் பிறக்கும். ஒருவரைக் குருடாக்க அது போதாது. அந்த அளவு மெதனோல் ஒரு போத்தலுக்குள் இருக்கிறதென்றால், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஸ்பிரிட்டை யாரோ காசுக்காக உள்ளே ஊற்றியிருக்கிறார்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது அப்படிக் கலந்த மெதனோல்தான்.

மெதனோல் தானாக நஞ்சல்ல என்பது பலருக்கும் புதினமாக இருக்கும். அதை நஞ்சாக்குவது நமது ஈரல். எதனோலை உடைக்கும் அதே நொதியம் மெதனோலையும் உடைத்துப் போர்மல்டிஹைட் ஆக்குகிறது. அது விரைவாகப் போர்மிக் அமிலமாகிறது. செங்கட்டெறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிவிலும் இந்த அமிலத்துக்குப் பங்குண்டு. உயிரணுக்கள் ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கும் கடைசிப் படியை அது அடைத்துவிடும். சக்தியை ஓயாமல் செலவழிக்கும் உறுப்புகளே முதலில் விழும். விழித்திரையும் பார்வை நரம்பும் அந்த வரிசையில் முன்னுக்கு நிற்கின்றன. ஏறத்தாழ 10 மில்லிலீற்றர் தூய மெதனோல் நிரந்தரமாகக் கண்ணைப் பறிக்கலாம். 30 மில்லிலீற்றர் உயிரையே எடுக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி அளவுதான்.

இந்த மாற்றம் நடக்க நேரம் எடுக்கும். அறிகுறிகள் வழக்கமாக 12 முதல் 24 மணித்தியாலங்களுக்குப் பின்னரே தெரியும். கசிப்பில் எதனோலும் சேர்ந்திருப்பதால் இன்னும் பிந்தலாம். நொதியம் எதனோலைத்தான் பல மடங்கு விருப்பத்தோடு பற்றும், அது தீரும்வரை மெதனோல் காத்திருக்கும். இரவு குடித்தவர் விடிய எழும்பி, தலையிடி, சத்தி, வயிற்றுக்குத்து என்கிறார். வீட்டுக்காரர் வெறி முறியவில்லை என்று நினைத்துப் படுக்க விடுகிறார்கள். பார்வை மங்குவது, எல்லாம் பனிமூட்டத்துக்குள் கிடப்பதுபோல் தெரிவது, வெளிச்சம் கூசுவது, ஓடாமலே ஆழமாக மூச்சு வாங்குவது ஆகிய நான்கில் ஒன்றாவது இருந்தால் அது வெறி அல்ல. 1990க்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கிளிநொச்சியோ, முல்லைத்தீவு மாஞ்சோலையோ, வவுனியாவோ, கிட்ட உள்ள வைத்தியசாலையில் என்ன குடித்தார், எப்போது குடித்தார், கூடக் குடித்தவர்கள் யார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மிச்சப் போத்தல் இருந்தால் அதையும் கொண்டுபோகலாம். கூடக் குடித்தவர்கள் சுகமாக இருந்தாலும் வரத்தான் வேண்டும். அவர்களுடைய நேரம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

வைத்தியசாலையில் நடப்பதும் அந்த நொதியத்தை மறிக்கிற வேலைதான். பொமெபிசோல் என்ற மருந்து நொதியத்தை அடைத்துவிடும். அது இல்லாத இடத்தில் எதனோலையே அளந்து கொடுத்து, இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வரை நிற்கும்படி பார்ப்பார்கள். அமிலத்தை முறிக்க பைகாபனேற்று ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும் செய்வார்கள். "மருந்தே சாராயம்தானே" என்று வீட்டில் ஊற்றிக் கொடுக்கப் போகாதீர்கள். அளவு தெரியாது, இரத்தத்தில் சீனி விழும், அரை மயக்கத்தில் சத்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். தேசிக்காய்ச் சாறும் மோரும் நொதியத்தை ஒன்றும் செய்யாது. விரலை விட்டுச் சத்தி எடுக்கவைப்பதும் கூடாது. மயங்கிக் கிடப்பவரை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

"கொளுத்திப் பார்த்தேன், நீலமாக எரிந்தது, நல்ல சாமான்" என்பார்கள். எதனோலும் நீலமாக எரியும், மெதனோலும் நீலமாக எரியும். இரண்டும் கலந்திருந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. முதலில் வடிவதை ஊற்றிவிட்டால் மெதனோல் போய்விடும் என்பதும் அரைகுறைக் கணக்கு. மெதனோல் 64.7 பாகை செல்சியசிலும் எதனோல் 78.4 பாகையிலும் கொதிப்பது உண்மை. ஆனால் தண்ணீரோடு கலந்து கொதிக்கும்போது அவை வரிசைகட்டி வருவதில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே வரும்.

மெதனோல் கலக்காத கசிப்பை அப்போ குடிக்கலாமா என்று கேட்டால், அதன் வலிமை என்னவென்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். கடைச் சாராயத்தின் லேபலில் மதுசார வீதம் அச்சடித்திருக்கும். குளக்கட்டுக்குப் பின்னால் காய்ச்சி, பிளாஸ்டிக் கானில் வருவதற்கு லேபல் இல்லை. 180 மில்லிலீற்றர் கால் போத்தல் 20 வீதமானால் அதில் 28 கிராம் எதனோல். 50 வீதமானால் 71 கிராம். ஈரல் மணிக்கு ஏழு, எட்டுக் கிராம்தான் எரிக்கும். முதலாவது நான்கு மணித்தியாலத்தில் தீரும், இரண்டாவதுக்கு ஒன்பதுக்கு மேல் வேண்டும். அதே கால் போத்தலை நேற்றுத் தாங்கியவர் இன்று விழுவது இதனால்தான். பங்குனி, சித்திரை வெயிலில் வயலில் நின்றவருக்கு இது இன்னும் மோசம். நீரைத் தேக்கச் சொல்லும் ஹோர்மோனை எதனோல் அடக்குவதால், காய்ந்த உடம்பு மேலும் காயும். விளங்காத சிறுநீரக நோய் பரவியிருக்கும் வவுனியாவில் இதை லேசாக எடுக்க முடியாது.

கானைப் பற்றியும் சொல்லவேண்டும். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வந்த கானைப் பத்துத் தரம் தண்ணீரால் கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. தண்ணீர் இழுக்காததை எதனோல் இழுத்துவிடும். ஒருவர் எச்சில் வடிந்து, வியர்த்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தால் கிருமிநாசினியைச் சந்தேகிக்கலாம். மெதனோலில் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கும். பழைய வாகன ரேடியேற்றரை ஆவி குளிரவைக்கப் பயன்படுத்தினால், அதன் ஒட்டிலுள்ள ஈயம் கரைந்து வரும். அது அன்றைக்குத் தெரியாது. மாதங்கள் போய் வயிற்றுவலி, இரத்தச்சோகை, மணிக்கட்டுத் தொங்கல் என்று வரும்.

இலங்கைச் சட்டத்தில் கசிப்பு, ஹெரோயினுக்கும் ஐஸுக்கும் உரிய அபாயகர ஒளடதச் சட்டத்தின் கீழ் வருவதில்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதியின்றிக் காய்ச்சுவது, வைத்திருப்பது, ஏற்றுவது, விற்பது எல்லாம் குற்றம். காய்ச்சும் சாமானும் அதில் அடங்கும். பொலிஸ் பரல் பரலாகக் கோடாவை ஊற்றி அழிப்பதும் அதனால்தான். அனுமதி பெற்று இறக்கி, கூட்டுறவுச் சங்கம் விற்கும் பனங்கள்ளு சட்டத்துக்கு உட்பட்டது. முட்டியில் சுண்ணாம்பு பூசி இறக்கினால் ஈஸ்ட் வேலை செய்யாது, புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணியாகவே நிற்கும். கள்ளோ சாராயமோ, 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

சுற்றிவளைப்பு நடந்து கசிப்பு கிடைக்காமல் போகும் கிழமையில் வேறொரு ஆபத்து வரும். வருடக்கணக்காக நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கை நடுக்கம் சில மணித்தியாலங்களில் தொடங்கும். 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, ஆளையே தெரியாமல் போகலாம். பேய் பிடித்ததென்று கோயிலுக்குக் கொண்டோடினால் உயிருக்கே ஆபத்து. டயசிபாம் போன்ற மருந்தும் ஊசியாகப் போடும் விற்றமின் பி1உம் இதை அடக்கும். அதற்கு முன்னர் டொக்டர் ஒன்றைக் கேட்பார், வீட்டுக்காரர் நாணாமல் பதில் சொல்ல வேண்டும்: கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தவர்?