வீட்டில் செம்பு வாலை வைக்கலாமா? பெங்களூர்க்காரர்கள் பைப் வாங்குவதற்கு முன்னால்

அல்சூர் பக்கத்து அம்மா ஒருவர் ஒரு ஜெராக்ஸ் தாளை என் மேஜையில் வைத்து, "என்ன சார் எழுதியிருக்காங்க? பையன் கையெழுத்துப் போட்டுட்டான்" என்று கேட்டார். கன்னடத்தில் எழுதிய மகஜர் அது, அதாவது சோதனையில் கைப்பற்றிய சாமான்களின் பட்டியல். மூன்றாவது வரியில் 'கள்ளபட்டி' காய்ச்சும் செம்புச் சாமான் ஒரு செட் என்று இருந்தது. நான்காவது வரியில் 'பெல்லத கொளெ' இருபது லிட்டர். கள்ளபட்டி என்றால் கள்ளச்சாராயம். பெல்லத கொளெ என்றால் வெல்ல ஊறல். அந்த இருபது லிட்டர் கேனில் இருந்ததோ அவர் தரை துடைக்கப் போட்டு வைத்த எலுமிச்சைத் தோல் பயோ என்சைம்.

பையன் பீன்யாவில் லேத் வேலை செய்கிறான். கை சும்மா இருக்காது. செம்புக் குழாயை மூன்று துண்டாக வெட்டி, கிளாம்ப் போட்டுக் கழற்றி மாட்டும்படி ஒரு தூண் செய்து, பிரஷர் குக்கரைவிடப் பெரிய பாத்திரத்தின் மேல் நிறுத்தியிருக்கிறான். ஆவியைக் குளிரவைத்து வடிக்கும் இந்தச் சாமானுக்குத்தான் வாலை என்று பெயர். எலுமிச்சைப் புல்லில் எண்ணெய் எடுப்பது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கன்னடம் பேசுவான், படிக்கத் தெரியாது. சோதனைக்கு வந்தவர்கள் "போடப்பா" என்றார்கள், போட்டான்.

பதினெட்டு வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். இப்படி ஒரு தாளோடு வந்தவர்கள் அந்த அம்மா மட்டும் இல்லை. எல்லோரும் சாமானைப் பறிகொடுத்த பிறகுதான் வருகிறார்கள். இதை வாங்குவதற்கு முன்னால் படியுங்கள்.

சட்டம் சொல்வது சுருக்கம்தான். மதுவைப் பற்றிச் சட்டம் போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு. இங்கே நடப்பது கர்நாடகக் கலால் சட்டம், 1965. அதன் 13-ம் பிரிவு லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை. தயாரிப்பதற்கான வாலை, பாத்திரம், கருவி, மூலப்பொருள் எதையும் அந்த நோக்கத்தோடு வைத்திருக்கவே கூடாது என்கிறது. 'சொந்த உபயோகத்துக்கு', 'விற்பனைக்கு அல்ல', 'ஒரு பாட்டில்தான்' என்று எந்த விலக்கும் கிடையாது. மீறினால் சிறைத் தண்டனை உண்டு. அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பும் சமாசாரம் இல்லை.

ஆகவே, பொழுதுபோக்காகச் சாராயம் காய்ச்ச லைசென்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அப்படி ஒரு லைசென்ஸே இல்லை. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார். அந்த நம்பிக்கையில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஏதோ ஒரு பழைய சர்க்குலர் நகலைப் பிடித்துக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஊரெல்லாம் மைக்ரோ ப்ரூவரி இருக்கிறதே என்பார்கள். அவை லைசென்ஸ் வாங்கிய வியாபாரங்கள், காய்ச்சுவதும் பீர்தான். நியூசிலாந்தில் 1996 முதல் வீட்டில் சொந்தத்துக்குக் காய்ச்சி வடிக்கலாம். அந்த ஊர்க்காரர் போடும் வீடியோ அந்த ஊருக்குத்தான் செல்லும். ஆன்லைனில் விற்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. விற்றவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை, சாமான் யார் வீட்டில் இருக்கிறதோ அவரைத்தான் கேட்பார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை என்று கோபப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 1981 ஜூலையில் இதே பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து 300-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2008 மே மாதம் ஆனேக்கல் பக்கமும் கிருஷ்ணகிரி பக்கமுமாக நூற்றுக்கும் மேல். 2024-ல் கள்ளக்குறிச்சி. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மெத்தனால் கண்ணைப் பறித்துவிட்டுத்தான் உயிரைப் பறிக்கும். சாராயத்தைத் தடுக்கும் சட்டத்தில் எனக்குக் குறையில்லை. ஓமத் தீநீர் வடிப்பவனையும் ஊறல் போடுபவனையும் ஒரே மகஜரில் எழுதும் சோம்பேறித்தனத்தில்தான் குறை.

இப்போது எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். 13-ம் பிரிவு 'மது தயாரிக்கும் நோக்கத்துக்காக' என்று சொல்வதால், எண்ணெய் எடுக்கும் வாலை தப்பில்லை என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 40-ம் பிரிவை யாரும் படிப்பதில்லை. வாலையோ, மது தயாரிக்க வழக்கமாகப் பயன்படும் பொருளோ உங்களிடம் இருந்து, அதற்குத் திருப்தியான கணக்கு உங்களால் சொல்ல முடியாவிட்டால், குற்றம் செய்ததாகவே ஊகிக்கலாம். இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். 'நான் ஒன்றும் காய்ச்சவில்லையே சார்' என்பது அங்கே பதிலாகாது. தாள்தான் பதில்.

அதனால் முதலில் சாமானைப் பாருங்கள். உயரமான தூண், உள்ளே செம்பு வலை அல்லது தட்டுகள், மேலே ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப இறக்கும் அமைப்பு இவையெல்லாம் சாராயத்தின் வீரியத்தை ஏற்றுவதற்கு. இலையிலிருந்து எண்ணெய் எடுக்க இது எதுவும் தேவையில்லை. பாத்திரம், இலையைத் தாங்க ஒரு துளைத்தட்டு, வளைந்த கழுத்து, குளிர்விக்கும் சுருள், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் குடுவை, இவ்வளவு போதும். மாடுலர் என்று ஆசைப்பட்டு நாலு துண்டுத் தூண் கட்டினால், விஷயம் தெரிந்த அதிகாரி பார்த்த மாத்திரத்தில் சிரிப்பார். பிரிக்கும் குடுவை இல்லாமல் ஆல்கஹால் அளக்கும் ஹைட்ரோமீட்டர் மட்டும் அலமாரியில் இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே முடிந்தது. அந்தப் பையன் செய்த தவறு அதுதான். வேலைப்பாட்டில் இருந்த ஆசையில் தூணை நாலடிக்கு உயர்த்திவிட்டான். (பற்றவைக்கும்போது ஈயம் கலந்த சால்டர் வேண்டாம், வடியும் நீரில் இறங்கும். ஆவி வெளியேறும் வழியை எக்காரணத்துக்கும் அடைக்காதீர்கள்.)

அடுத்தது பயோ என்சைம். பெங்களூரில் பாதி மாடிவீட்டில் இது இருக்கிறது: ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்து பங்கு தண்ணீர், மூன்று மாதம். முதல் மாதம் மூடியைத் திறந்தால் அடிப்பது சாராய வாடையேதான், ஏனென்றால் உள்ளே நடப்பது அதே நொதித்தல். செடிக்கு ஊற்றும் ஜீவாமிர்தத்திலும் வெல்லம் உண்டு. தனியாக இருந்தால் இவற்றை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வாலைக்கு மூன்றடி தள்ளி இருந்தால் அது ஊறல். வாலை வைத்திருக்கும் வீட்டில் என்சைம் கேன் வேண்டாம், ஈஸ்ட் பொட்டலமும் வேண்டாம். எது முக்கியமோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் அடிக்கிறது என்று புகார் கொடுப்பவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

வாலையில் சந்தனத்தூள் போடாதீர்கள். அது கலால் விவகாரம் இல்லை, கர்நாடக வனச் சட்டம், 1963. ஒரு கேஸிலிருந்து தப்பி இன்னொன்றில் விழுவீர்கள். அத்தர் செய்கிறேன் என்று ஸ்பிரிட் வாங்கி வைப்பதும் அப்படியே. இண்டஸ்ட்ரியல் ஆல்கஹாலும் மாநில அதிகாரத்துக்குள்தான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் கேனில் ஸ்பிரிட் வைக்காதீர்கள்.

சரி, தாள்கள். பைப் வாங்கும் கடையில் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எஸ்.ஜே.பி. ரோட்டில் பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைப்பார்கள், குறைக்கவிடாதீர்கள். எண்ணெயை விற்கும் எண்ணம் இருந்தால், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்யுங்கள். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. ஆனால் உத்யம் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது உங்கள் தொழிலின் பெயரைச் சொல்லும் தாள், அனுமதி இல்லை. அல்லாலசந்திராவில் மத்திய அரசின் சிமாப் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, வாசனைப் பயிர்களும் எண்ணெய் வடித்தலும்தான் அவர்கள் வேலை. அங்கே பயிற்சி எடுத்த சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் பத்து வாய்ப்பேச்சுக்குச் சமம். வாடகை வீடென்றால் ஓனரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பின்னால் 'எனக்குத் தெரியாது' என்று முதலில் கைகழுவுபவர் அவர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு கடிதம். உங்கள் பகுதிக்கான கலால் டெபுடி கமிஷனருக்கு, கன்னடத்தில். பாத்திரத்தின் கொள்ளளவு எத்தனை லிட்டர், எத்தனை துண்டு, எந்தச் செடியில் எண்ணெய் எடுக்கிறீர்கள், நொதித்த பொருள் எதையும் இதில் ஊற்றுவதில்லை, இதற்கு ஏதாவது அனுமதி தேவையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள், அவ்வளவுதான். கூடவே போட்டோவும் பில் நகலும்.

இங்கேதான் அலைச்சல் ஆரம்பம். அப்காரி (கலால்) ஆபீஸில் 'இது எங்க வேலை இல்லை, மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க' என்பார்கள். தொழில் மையத்தில் 'வாலையா? அப்காரிதான்' என்பார்கள். திரும்பி வந்தால் 'ஸ்டேஷன்ல என்ஓசி வாங்கிட்டு வாங்க' என்பார் ஒருவர். ஸ்டேஷனில் அப்படி ஒரு படிவமே இருக்காது. மூன்று நாள் சம்பளம் போகும். அலையாதீர்கள். யாரிடமும் அபிப்பிராயம் கேட்க வேண்டாம். நேராகத் தபால் பிரிவில் கடிதத்தைக் கொடுத்து, இரண்டாவது நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'சாயந்திரம் வாங்க, சார் வரட்டும்' என்று கடிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால், கொடுத்துவிட்டு வராதீர்கள். சீல் இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்.

பதில் வராது. முப்பது நாள் பொறுத்துவிட்டு, இந்தத் தேதியிட்ட என் கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். இதைத் தெரியாமல் இரண்டு பக்கம் கொட்டித் தீர்த்தவர்களின் மனு அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பி வந்திருக்கிறது. உங்கள் கடிதம் லைசென்ஸ் ஆகிவிடாது, சோதனையையும் தடுக்காது. ஆனால் ஒளித்து வைத்துக் காய்ச்சுபவன் தன் விலாசத்தை அவனே எழுதித் தருவானா? 40-ம் பிரிவு கேட்கும் கணக்கு உங்களிடம் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியோடு இருக்கும்.

வந்துவிட்டார்கள் என்றால், குரலை உயர்த்தாதீர்கள், ஃபைலை எடுத்து வையுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எடுக்கிறீர்களா சார் என்று மரியாதையாகக் கேளுங்கள். கைப்பற்றிய பொருள் பட்டியலின் நகல் உங்கள் உரிமை. கன்னடம் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவர் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். 'கள்ளபட்டி', 'கொளெ' என்ற சொற்கள் இருக்கிறதா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். செம்புப் பாத்திரம், செம்புக் குழாய் என்று எழுதச் சொல்லலாம். மறுத்தால், கையெழுத்துக்கு மேலேயே தமிழில், 'இது எலுமிச்சைப் புல் எண்ணெய் எடுக்கும் பாத்திரம், சாராயத்துக்கு அல்ல' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி கேஸ் முழுக்கக் கூட வரும்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணையம் எடுக்கும். சாமானைப் பறிமுதல் செய்ய நோட்டீஸ் வந்தால் அதற்குத் தனியாக எழுத்தில் பதில் கொடுங்கள். கேஸ் முடிந்தால் தானாக வீட்டுக்கு வரும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

டெல்லிக்கோ மும்பைக்கோ மாற்றலாகிறவர்கள் வாலையை மூட்டை கட்டாதீர்கள். டெல்லி கலால் சட்டம், 2009, 33-ம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகமாக மூன்று வருஷம் சிறை, 50,000 முதல் 1,00,000 ரூபாய் வரை அபராதம். மும்பையில் குடிக்கும் பர்மிட்டைக் காட்டி வாதாட நினைக்காதீர்கள், அது குடிக்க மட்டும்.

அந்த அம்மாவுக்காக நாலு மனு எழுதியாகிவிட்டது. பையன் ஜாமீனில் வந்து லேத்துக்குப் போகிறான். செம்புத் தூண் இன்னும் ஏதோ ஒரு ஆபீஸ் அறையில் சீட்டு கட்டிக் கிடக்கிறது. என்சைம் கேனை மட்டும் திருப்பிக் கேட்கலாமா சார் என்று போன வாரம் வந்து நின்றார்.