வண்டி தண்ணி குடிக்காதுங்க

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு பர்லியாறிலிருந்து ஒரு போன். ஓய்வு பெற்ற வாத்தியார், பல வருடமாக நம் பட்டறைக்கு வண்டி விடுகிறவர். குரலைக் கேட்டதும் எங்கேயோ மோதிவிட்டார் என்றே நினைத்தேன்.

"தம்பி, டேஷ்போர்டுக்குள்ள இருந்து ஆவி அடிக்குதுங்க. எங்கூட்டம்மா காலு மேல சுடுதண்ணி ஊத்திப்போட்டுது."

மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட்டுவிட்டு குன்னூர் மலை ஏறியிருக்கிறார்கள். பர்லியாறு தாண்டுவதற்குள் முன் கண்ணாடி உள்பக்கம் வெண்மையாகப் படர்ந்து பாதை மறைந்திருக்கிறது. துடைக்கத் துடைக்க எண்ணெய் பூசின மாதிரி இழுவியிருக்கிறது. அடுத்த நிமிடமே அந்தம்மாவின் இடது பாதத்தில் கொதிநீர். சேலை மடிப்பு கொஞ்சம் தடுத்ததால் கொப்புளத்தோடு போயிற்று.

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது. காங்கயத்து வண்டி ஒன்று, அவினாசி வண்டி ஒன்று, இப்போது இது. மூன்றுமே 2008க்கு முந்தியவை. மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "கொஞ்ச நாளா வண்டி தண்ணி குடிக்குதுங்க. அதான் தெனமும் ஒரு சொம்பு ஊத்திட்டு இருந்தேன்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் உடம்பு பதறுகிறது. வண்டி தண்ணி குடிக்காதுங்க. மாடு குடிக்கும், மனுசன் குடிப்பான், தென்னை மரம் குடிக்கும். பெட்ரோலை எரித்துத் தீர்க்கிற மாதிரி இன்ஜின், தன்னைக் குளிரவைக்கச் சுற்றுகிற கூலன்ட்டைத் தீர்ப்பதில்லை. ரேடியேட்டர், இன்ஜின், ஹோஸ், பாட்டில் எல்லாம் சேர்ந்து மூடின ஒரே சுற்று. நேற்று உள்ளே இருந்தது இன்றைக்கும் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கேயோ வெளியே போயிருக்கிறது. வேறு கணக்கே கிடையாது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். அம்பாசிடர், பத்மினி காலத்து வண்டிகளில் ரேடியேட்டரின் வழிகுழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். சூடேறி விரிந்த தண்ணி அதன் வழியே ரோட்டுக்குப் போய்விடும், ஆறினபின் உள்ளே அந்த இடம் காலி. அதனால் டிரைவர் காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து ஊற்றினார். அன்றைக்கு அது சரி. அப்புறம் வந்த வண்டிகளில் வழிகிற தண்ணி பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போய், ஆறும்போது திரும்ப உள்ளே இழுக்கப்பட்டுவிடும். வருடம் முழுக்க ஓட்டினாலும் பாட்டிலில் ஒரு விரல்கடை இறங்கினாலே அதிகம். வண்டி மாறிவிட்டது, அப்பாவின் சொம்பு மட்டும் கை மாறி கை மாறி வந்துகொண்டிருக்கிறது.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுகிறீர்கள் என்றால் தினமும் ஒரு சொம்பு எங்கேயோ போகிறது. நிறுத்தின இடத்தில் தரை நனைந்தால் நல்ல காலம்: ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, இவற்றில் ஒன்று. பார்த்தால் தெரியும். தரை காய்ந்திருக்கிறது, ஆனாலும் பாட்டில் இறங்குகிறது என்றால்தான் பயப்பட வேண்டும். ஒன்று, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போய் இன்ஜினுக்குள்ளேயே இறங்குகிறது. இல்லையென்றால் வண்டிக்குள் உங்கள் கால்மிதிக்கு அடியில் இறங்குகிறது.

டேஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியேட்டரின் குட்டி ஒன்று இருக்கிறது. ஹீட்டர் கோர் என்போம். ஒரு நோட்டுப்புத்தகம் அளவுதான் இருக்கும். இன்ஜினிலிருந்து இரண்டு ஹோஸ் வழியாகக் கொதிக்கிற கூலன்ட் அதற்குள் வந்து போகும். "நான் ஹீட்டரே போட்டதில்லீங்களே, நம்மூருல எதுக்கு ஹீட்டரு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல வண்டிகளில் நீங்கள் போட்டாலும் போடாவிட்டாலும் அதற்குள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் தள்ளுகிற நெம்பு காற்றை மட்டுமே திருப்புகிறது. வால்வு வைத்த வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். வருடக்கணக்கில் மூடியே கிடப்பதால் உள்ளே தேங்கினது அங்கேயே அரிக்கும்.

வாத்தியாரின் வண்டி திங்கட்கிழமை டோயிங்கில் வந்தது. முன் இடது பக்கம் ரப்பர் மிதியடியை எடுத்தேன். கீழே கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி ஊறிப்போய் விரலிடுக்கில் பச்சையாகக் கசிந்தது. கார்ப்பெட்டைப் பிய்த்துப் பார்த்தால் தகடு துரு ஏறி, ஸ்க்ரூடிரைவர் முனை பட்டதும் பொத்துக்கொண்டது. மூன்று மாதமாக ஈரம் என்றார். "ஏசித் தண்ணின்னு நெனச்சேனுங்க."

இதையும் எல்லோரும் சொல்கிறார்கள். ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அதே பக்கம்தான் நனையும், வாஸ்தவம். ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை. ஒரு வெள்ளைத் துணியை ஈரத்தில் ஒற்றி எடுங்கள். ஏசித் தண்ணி மழைத்தண்ணி மாதிரி, நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, காய்ந்தால் தடமும் கிடையாது. கூலன்ட் என்றால் பச்சையோ ரோஸோ நீலமோ ஒட்டும், இரு விரலால் தேய்த்தால் வழுக்கும், காய்ந்தால் பிசுபிசுக்கும். முகர்ந்தால் இனிப்பு வாடை. கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலை ஓடும்போது வருகிற பாகு வாசனைக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் நெஞ்சில் உட்காரும். சந்தேகம் இருந்தால் இரண்டு நாள் ஏசியே போடாமல் ஓட்டுங்கள். அப்போதும் நனைந்தால் அது ஏசித் தண்ணி இல்லை. வெறும் தண்ணி ஊற்றி ஊற்றிக் கூலன்ட்டே மிச்சம் இல்லாத வண்டியில் நிறமும் வாடையும் தெரியாது, இந்த இரண்டு நாள் சோதனைதான் வழி. நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பட்டறையில் என்றால் ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அழுத்தத்துக்குக் காற்று ஏற்றிவிட்டு முள்ளைப் பார்ப்போம். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று இருக்கும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் சொட்டு இல்லை என்றால் உள்ளே தேடுவோம். கால் மணி நேர வேலை. மூன்று மாதம் முன்பே வந்திருந்தால் இவ்வளவுதான்.

வாத்தியார் வண்டியின் ஹீட்டர் கோரைக் கழற்றி அறுத்தே பார்த்துவிட்டேன், எனக்கே ஆத்திரம் தாங்கவில்லை. உள்ளே இருக்கிற குழாய்களில் பாதி வெள்ளைப் பாறை. நம் பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்பு. பல்லடத்து போர் தண்ணி ஆயிரம் அடியிலிருந்து எதைக் கொண்டுவருமோ, அது. மீதிப் பாதியில் மஞ்சள் நிறத்தில் சேறு. மஞ்சள் தூள்! ஒழுக்கை அடைக்க யாரோ ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. நடுரோட்டில் நின்ற லாரியை அடுத்த ஊர் வரைக்கும் ஓட்ட அந்தக் காலத்து டிரைவர்கள் செய்த கைவைத்தியம் அது. ஊர் வந்து சேர்ந்ததும் கழுவி விடுவார்கள். அதையே மருந்தாக வைத்து மூன்று மாதம் ஓட்டினால் மஞ்சள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது. எந்தக் குழாய் குறுகலோ அதைத்தான் முதலில் அடைக்கும்.

"போர் தண்ணி இல்லீங்க, நான் சிறுவாணித் தண்ணியே ஊத்தறேன்" என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். குடிக்க அருமையான தண்ணி. உப்பு குறைவு என்பதால் பாறை படிவது குறையும், அவ்வளவுதான். ஆர்.ஓ. தண்ணியும் அப்படியே. துருவைத் தடுக்கிற மருந்து இரண்டிலும் கிடையாது. "நம்மூருல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்பவர்களுக்கும் இதுவே பதில். உறையாமல் இருப்பது கூலன்ட்டின் ஒரு வேலை. அலுமினிய ஹெட்டும் ரேடியேட்டரும் அரிக்காமல் பார்த்துக்கொள்வதும், கொதிநிலையை உயர்த்துவதும் மற்ற வேலைகள், நமக்கு வேண்டியவை. அந்த மருந்து தீர்ந்துபோகக்கூடியது. சாதாரணப் பச்சைக் கூலன்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கெட்டியாக வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணியோடு சரிபாதி கலக்குங்கள். பச்சை இருக்கிற வண்டியில் ரோஸை ஊற்றிக் கலக்க வேண்டாம்.

சரி, மலையில் இப்படி ஆனால் என்ன செய்வது? கண்ணாடியில் பிசுக்கு, இனிப்பு வாடை, ஆவி, இதில் எது வந்தாலும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். உள்ளே காற்று ஊதுகிற பிளவரை அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கி, எல்லோரும் இறங்குங்கள். டயருக்குக் கல் வையுங்கள், கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். காலில் பட்டிருந்தால் இருபது நிமிடமாவது சாதாரணத் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருங்கள், பேஸ்ட் கீஸ்ட் தடவ வேண்டாம். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். ஈரத்துணி போட்டுத் திறக்கலாம் என்பது முகத்தை வேக வைத்துக்கொள்ளும் வழி. முக்கால் மணி நேரமாவது ஆறட்டும், பர்லியாறில் பழம் வாங்கிச் சாப்பிடுங்கள், குரங்கிடம் பத்திரம்.

டெம்பரேச்சர் முள்ளை நம்பி ஏமாறாதீர்கள். மேலே போன முள் தானாகக் கீழே இறங்கினால் வண்டி ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சென்சாரைத் தொடுகிற அளவுக்குக்கூட உள்ளே கூலன்ட் இல்லை என்றும் இருக்கலாம். இதை நம்பி ஹெட்டை வளைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

இன்னொன்று. "இறக்கம்தானே, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிட்டு வந்தர்லாம்" என்று ஒருவர் திம்பம் கொண்டை ஊசி இருபத்தேழையும் அப்படியே இறங்கியிருக்கிறார், என்னிடம் சாமர்த்தியமாகச் சொன்னார். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கை லேசாக மிதிக்க உதவுகிற வாக்குவம் இல்லை. இரண்டு மூன்று முறை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. அவர் உயிரோடு வந்தது சாமர்த்தியம் இல்லை.

செலவுக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கோர் மாற்ற டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், சில வண்டியில் ஏசி கேஸையும் இறக்கி ஏற்ற வேண்டும், இரண்டு நாள் ஆகும். உண்மைதான். ஆனால் அவசரத்துக்கு எளிய வழி உண்டு: இன்ஜின் அறையின் பின்சுவரில் உள்ளே போகிற இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். கோர் சுற்றிலிருந்து விலகிவிடும், ஒழுக்கு நின்றுவிடும். இணைக்க வேண்டும், போல்ட் வைத்து அடைக்கக் கூடாது. சில வண்டிகளில், இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கிற தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது கூலன்ட் சுற்றுவதற்கு அது ஒன்றுதான் பாதை. பின்பு குழாய்க்குள் மாட்டின காற்றை மிச்சமில்லாமல் எடுத்துவிட வேண்டும். சமவெளியிலேயே ஓடுகிற வண்டி ஹீட்டர் இல்லாமல் காலம் தள்ளும். மார்கழியில் ஊட்டி போகிறவர்கள் கோரை மாற்றிவிடுவதே நல்லது.

இனி நாக்கு விஷயம். கூலன்ட்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். விஷம். முதலில் சாராயம் குடித்தவர் மாதிரி தள்ளாட வைக்கும், அப்புறம் சிறுநீரகத்தை அடிக்கும். வளர்ந்த ஆளுக்கே ஒரு டம்ளருக்கும் குறைவான அளவு போதும். நாய்க்கும் பூனைக்கும் அதைவிடக் குறைவே போதும். தயவு செய்து மீதிக் கூலன்ட்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். எங்கள் பட்டறையிலேயே பையன் ஒருவன் அப்படி ஊற்றி ஜன்னலில் வைத்திருந்தான். பச்சை நிறம், வெயில் பட்டு மின்னியது. சர்வீசுக்கு வந்தவரின் நான்கு வயசுக் குழந்தை "ஜூஸ்" என்று கை நீட்டியது. அன்றைக்கு நான் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும். யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைத்துக்கொண்டிருக்காமல், டப்பாவோடு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், என்ன குடித்தார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வடித்ததை வாசலில் ஊற்றாதீர்கள், கட்டியிருக்கிற ஆடும் நக்கும்.

கார்ப்பெட்டையும் அப்படியே வெயிலில் போட்டுக் காய வைத்தால் போதாது. கழற்றி, சோப்புத் தண்ணியில் இரண்டு முறை அலசி, அடியில் இருக்கிற பஞ்சை மாற்றிவிடுங்கள். அதில் ஊறினது வருடக்கணக்கில் வாடை அடிக்கும்.

வாத்தியார் வியாழக்கிழமை வண்டி எடுக்க வந்தார். அந்தம்மா கால் ஆறிவருகிறதாம். பாட்டிலில் கூலன்ட் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, "காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பாருங்க, கோட்டுக்குக் கீழ போனா ஊத்தாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன். தலையாட்டினார். டிக்கியில் இருந்த ஐந்து லிட்டர் தண்ணி கேனை நான் எடுத்து ஓரமாக வைத்திருந்தேன். கேட்டு வாங்கி மறுபடியும் உள்ளே வைத்தார். நான் பார்த்த பார்வையில், "வண்டிக்கில்லீங்க தம்பி, எனக்கு" என்றார்.