"என் ரத்தத்தையே அப்பாவுக்கு ஏற்றுங்கள்"

ரத்த வங்கியின் ஜன்னலில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். சென்ற மாதம் வந்த இளைஞரின் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிவு, மறுநாள் அறுவைச் சிகிச்சை. "எனக்கும் ஓ பாசிட்டிவ், அவருக்கும் ஓ பாசிட்டிவ். வெளியார் ரத்தம் எதற்கு டாக்டர்? என்னிடம் எடுத்துச் சூடாக ஏற்றிவிடுங்கள்." சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

பாசத்துக்கு மறுப்புச் சொல்வது சங்கடமான வேலை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: அப்பாவுக்கு மகனின் ரத்தத்தைவிட அந்நியர் ரத்தமே பாதுகாப்பு. ஏற்றும் ரத்தத்தோடு கொடையாளியின் வெள்ளையணுக்களும் கொஞ்சம் உள்ளே போகின்றன. அந்நியருடையவை என்றால் நோயாளியின் உடல் இனம்கண்டு அழித்துவிடும். நெருங்கிய உறவில் மரபணு ஒரு குறிப்பிட்ட விதத்தில் ஒத்துப்போனால் உடல் ஏமாந்துவிடும். தப்பிய அணுக்கள் பெருகி, இடம்கொடுத்த நோயாளியின் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை என்று தாக்கத் தொடங்கும். மிக அரிதாகவே நேர்கிறது; நேர்ந்தால் பிழைப்பவர்கள் வெகு சிலர். ரத்தம் எவ்வளவு புதிதோ அவ்வளவு ஆபத்து, ஏனென்றால் அந்த அணுக்கள் அப்போது துடிப்பாக இருக்கும். கதிர்வீச்சு செலுத்தி அவற்றைச் செயலிழக்கச் செய்யலாம்; அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவரின் ரத்தத்தையும் தவிர்க்கிறோம். அதற்கு எதிராக மனைவியின் உடலில் எதிர்ப்பொருள் உருவானால், பின்னால் கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கலாம்.

'சூடாக' என்பதும் நடவாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், மலேரியா சோதனைகளை முடிக்காமல் எந்தப் பையும் வெளியே போகாது. பிறகு பையைச் சுழற்றிப் பிரிக்கிறோம். சிவப்பணு 2 முதல் 6 டிகிரி குளிரில் 42 நாள் வரை தாங்கும். பிளேட்லெட்டுக்குக் குளிர் ஆகாது. அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தால் 5 நாள். பிளாஸ்மா உறைந்த நிலையில் ஓராண்டு. அவர் அப்பாவுக்குத் தேவை சிவப்பணு மட்டுமே.

"குரூப்தான் ஒன்றாயிற்றே, இன்னும் ஒரு மணி நேரம் எதற்கு?" என்றார். நோயாளியின் ரத்த நீரோடு பையின் சிவப்பணுவைக் கலந்து 37 டிகிரியில் வைக்கிறோம். பிறகு சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே மெல்லச் சாய்க்கும்போது அடியிலுள்ள சிவப்பு புகைபோல் கலைந்தால் நிம்மதி. மணலாகத் திரண்டு நின்றால் அந்தப் பை கிடையாது. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பம்பாய் குரூப் என்ற அரிய ரத்தவகை உள்ளவர், மேலோட்டமான சோதனையில் ஓ போலவே தெரிவார். ஆனால் ஓ ரத்தமே அவருக்கு எமன். அவரைக் காட்டிக்கொடுப்பது இந்த மணல்தான்.

அரைமனதோடு படுத்து ரத்தம் கொடுத்தார். அது வேறு யாருக்கோ போகும். அப்பாவுக்கான பை தயாரானதும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். யாருடையது என்று கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். பையின் மேல் ஓர் எண்ணும் ஒரு தேதியும் இருந்தன.