சிடிக்குத் தன் பெயர் தெரியாது

ஒரு ஆடியோ சிடியை விண்டோஸ் கணினியில் போட்டுத் திறந்து பார்த்தால் ‘டிராக் 01’, ‘டிராக் 02’ என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அவற்றை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, பாட்டெல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். பாட்டு வரவில்லை. அந்தத் தட்டில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு டிராக்கும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடும் என்ற குறிப்பை விண்டோஸ் கோப்பு போலக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஃபிலிப்ஸும் சோனியும் சேர்ந்து 1980இல் இதற்கான விதிமுறையை வகுத்தன. 1982இல் தட்டு கடைக்கு வந்தது. பாட்டு கேட்கும் பெட்டிக்காகச் செய்த பொருள் அது. உள்ளிருந்து வெளியே சுற்றிச் செல்லும் 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஒரே சுருள். அதில் இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் நொடிக்கு 44,100 எண்கள் வீதம், ஒவ்வொன்றும் 16 பிட். இந்த எண்களைத்தான் சாம்பிள் என்கிறோம். சுருளின் தொடக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: மொத்தம் எத்தனை டிராக், ஒவ்வொன்றும் எத்தனையாவது நிமிடத்தில், நொடியில், நொடியின் 75இல் எத்தனையாவது பங்கில் தொடங்குகிறது. பாட்டின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், வெளிவந்த ஆண்டு எதுவும் கிடையாது. பிற்பாடு சிடி-டெக்ஸ்ட் என்று ஒரு வசதி வந்தது. பெரும்பாலான தட்டுகளில் அதுவும் இருக்காது.

அதனால் சிடிகளை வீட்டு சர்வரில், அதாவது பாட்டுகளைச் சேமித்து வைத்து வீடெங்கும் அனுப்பும் கணினியில், ஏற்றி எந்த அறையிலும் கேட்பது என்பது இரண்டு தனித்தனி வேலை. ஒன்று, எண்களைப் பழுதில்லாமல் வெளியே எடுப்பது. இன்னொன்று, எடுத்ததற்குப் பெயர் வைப்பது. முதல் வேலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் அது சரியாக நடந்ததா என்று கணினியே நிரூபித்துக் காட்டிவிடும். நேரத்தைத் தின்பது இரண்டாவது வேலை.

எண்களை எடுப்பது

தட்டில் கீறல் விழும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் எண்களை அடுத்தடுத்து எழுதாமல், கலைத்துத் தள்ளித் தள்ளி எழுதினார்கள். அடுத்தடுத்து ஒலிக்க வேண்டிய சாம்பிள்கள் சுருளில் வெவ்வேறு இடங்களில் கிடக்கும். ஒரு கீறல் ஓர் இடத்தை மொத்தமாக அழித்தாலும், படித்துப் பழைய வரிசைக்குக் கொண்டுவரும்போது அந்த இழப்பு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சிதறிவிடும். அப்படிச் சிதறிய சிறு ஓட்டைகளைக் கூடவே எழுதிவைத்த சரிபார்ப்பு எண்களை வைத்துக் கணக்குப் போட்டு அடைத்துவிடலாம். இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் வெளியிட்ட கணிதம் இது. இதனால் சுருள் நெடுக சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை சேதமானாலும் ஒரு பிட் கூடக் குறையாமல் திரும்பக் கிடைக்கும். எனக்கு இன்றும் வியப்பு அடங்காத இடம் இது.

சேதம் அதையும் தாண்டினால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள சாம்பிள்களைப் பார்த்து நடுவில் இருந்திருக்கக்கூடிய மதிப்பை ஊகித்து நிரப்பும். கேட்கும்போது காதுக்குத் தெரியாமலே போய்விடலாம். ஆனால் நாம் இப்போது எடுத்து வைப்பது என்றென்றைக்குமான பிரதி. ஊகம் அதில் உறைந்து போகக்கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தரவு சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2,048 பைட் தரவு போக, மிச்ச இடத்தில் அந்தப் பகுதியின் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தமும் இருக்கும். ஆடியோ சிடியில் பகுதிக்கு 2,352 பைட், அத்தனையும் ஒலியே. முகவரி ஓரத்தில் ஓடும் துணைத்தடத்தில் மட்டும் வருகிறது. ‘இந்த இடத்திலிருந்து படி’ என்று கேட்டால் டிரைவ் சற்றுத் தள்ளிப் படிக்கத் தொடங்கும். எவ்வளவு தள்ளி என்பது டிரைவின் மாடலைப் பொறுத்தது. சில மாடல்களுக்கு 6 சாம்பிள் திருத்தம் வேண்டும், சிலவற்றுக்கு 667. 667 சாம்பிள் என்றாலும் 15 மில்லிநொடிதான், காதுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தத் திருத்தத்தை மென்பொருளில் ஒருமுறை சரியாக அமைத்துவிடுங்கள். சரிபார்ப்பு முழுவதும் அதை நம்பித்தான் நடக்கிறது.

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, லினக்ஸில் விப்பர் போன்ற கவனமான மென்பொருள்கள் சந்தேகத்துக்குரிய இடத்தை மறுபடி மறுபடி படித்து ஒப்பிடும். இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டாம் முறை கேட்டால் டிரைவ் தட்டைத் தொடாமலே, தன் நினைவகத்தில் இருக்கும் பழைய பதிலைத் திருப்பிக் கொடுத்துவிடும். பிழையான பதில் என்றால் இரண்டு முறையும் அதே பிழை வரும், ஒத்துப்போவது போலத் தோன்றும். அதனால் நல்ல மென்பொருள் முதலில் வேறெங்கோ தொலைவில் கொஞ்சம் படித்து, அந்த நினைவகத்தை நிரப்பிவிட்டு, பிறகுதான் பழைய இடத்துக்குத் திரும்பும்.

கடைசிச் சோதனை அக்யூரேட்ரிப் என்ற இணையத் தரவுத்தளம். ஒவ்வொரு டிராக்கிலிருந்தும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதே சிடியை ஏற்கெனவே எடுத்த மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிடும். வேறு தட்டு, வேறு டிரைவ், வேறு கீறல். அப்படியிருந்தும் எண் ஒத்துப்போகிறது என்றால் உங்களுக்குக் கிடைத்தது சரியான பிரதிதான், அதற்கு மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் கியூடூல்ஸ் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள். அதன் தரவுத்தளத்தில் திருத்தம் செய்வதற்கான தகவலும் சேர்த்தே இருப்பதால், சிறிய சேதமாக இருந்தால் எடுத்த கோப்பையே பழுதுபார்த்துத் தந்துவிடும்.

பாதி இடத்தில் முழுப் பாட்டு

ஒரு மணி நேர சிடி சுமார் 635 மெகாபைட். ஃப்ளாக் வடிவில் மாற்றினால் பெரும்பாலும் அதில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும், எதையும் இழக்காமல். எப்படி முடிகிறது?

ஒலி அலை திடீரென்று தாவுவதில்லை. அடுத்தடுத்த மூன்று சாம்பிள்கள் 1000, 1012, 1023 என்று வைத்துக்கொள்வோம். நான்காவது ஏறக்குறைய 1034 ஆக இருக்கும் என்று சொல்லிவிடலாம். உண்மையில் அது 1033. இப்போது 1033ஐ எழுதத் தேவையில்லை; ‘ஒன்று குறைவு’ என்று எழுதினால் போதும். 16 பிட் போக வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று பிட். திறக்கும் மென்பொருளும் அதே கணிப்பைச் செய்து 1034ஐக் கண்டுபிடித்து ஒன்றைக் கழித்துக்கொள்ளும். ஃப்ளாக் செய்வது இதைத்தான், இன்னும் நுட்பமான கணிப்புகளோடு. 0 முதல் 8 வரை உள்ள அதன் நிலைகள் ‘தரம்’ அல்ல. எவ்வளவு பாடுபட்டுக் கணிக்கட்டும் என்பதுதான் அந்த எண். எல்லா நிலையிலும் வெளியே வரும் ஒலி ஒன்றே. வழக்கமாக 5இல் இருக்கும், அதை அப்படியே விட்டுவிடலாம்.

2001இல் வெளிவந்த இந்த வடிவத்தை 2024 டிசம்பரில் இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு முறைப்படி வரையறுத்து வெளியிட்டது. இது திறந்த வடிவம், எவரும் இதைப் படிக்கும் மென்பொருள் எழுதலாம். ஃபோனுக்குச் சின்னக் கோப்பு வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம். எம்பி3யிலிருந்து திரும்பி வர வழி கிடையாது.

பெயர் வைக்கும் வேலை

தட்டுக்குத் தன் பெயர் தெரியாது என்றால், மென்பொருள் எப்படிப் பட்டென்று பாட்டு விவரங்களைக் காட்டுகிறது? அந்த அட்டவணையை வைத்துத்தான். 14 டிராக்குகள், ஒவ்வொன்றும் நொடியின் 75இல் ஒரு பங்கு துல்லியத்தில் இந்த இந்த இடத்தில் தொடங்குகின்றன என்றால், அந்தச் சேர்க்கை இன்னொரு தட்டில் அப்படியே அமைவது மிக அரிது. அதையே கைரேகையாக வைத்து, 2000இல் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. அங்கே விவரங்களைத் தட்டச்சு செய்து வைத்தவர்கள் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள். அவர்கள் எழுதியபடிதான் நமக்கும் வரும், எழுத்துப் பிழை உட்பட.

இந்த விவரங்கள் கோப்புக்குள்ளேயே டேக் என்ற சிறு குறிப்புகளாக உட்காரும். சர்வர் மென்பொருளில் பெரும்பாலானவை கோப்புறைப் பெயரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை, டேக்கைத்தான் படிக்கும். எனவே கோப்புறையை உங்கள் கண்ணுக்கு வசதியாக வையுங்கள், டேக்கில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட். பத்துப் பாட்டை எட்டுப் பேர் பாடிய தட்டில், ஆர்ட்டிஸ்ட் என்ற டேக் பாட்டுக்குப் பாட்டு மாறும். ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் காலியாக இருந்தால் பல சர்வர்கள் பாடகர் பெயரையே அந்த இடத்தில் போட்டுக்கொள்ளும். ஒரு ஆல்பம் எட்டுத் துண்டாகிவிடும். அந்த டேக்கில் எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயரை, இசையமைப்பாளர் பெயரையோ ‘பலர்’ என்றோ, போட்டால் துண்டுகள் ஒன்று சேர்ந்துவிடும். இரண்டு தட்டு கொண்ட தொகுப்பு என்றால் டிஸ்க் எண்ணையும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் பாட்டு இரண்டு முறை வரும்.

தமிழில் டேக் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. ‘கோ’ என்ற எழுத்தை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ஏகாரக் குறியும் அதன்பின் காலும் என்று இரண்டு. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும்படி எழுதப்படாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒரே பாடகர் பட்டியலில் இரண்டு முறை வந்து, எவ்வளவு உற்றுப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். இரண்டையும் அழித்துவிட்டு ஒரே கீபோர்டில் மறுபடி தட்டினால் சரியாகிவிடும். அகரவரிசையும் இப்படித்தான். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தே இருப்பதால், எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் சர்வரில் பட்டியல் நாம் பள்ளியில் படித்த வரிசையில் வராது.

ஒலி அளவுக்கும் டேக் உண்டு. பழைய தட்டு மெதுவாகவும் புதிய தட்டு காட்டமாகவும் ஒலிக்கும். ரீப்ளேகெய்ன் என்ற முறை ஒவ்வொரு பாட்டின் ஒலிப்பையும் அளந்து, எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் எழுதி வைக்கும். ஒலியைத் தொடாது. ஆல்பத்தை முழுதாகக் கேட்பவர்கள் ஆல்பம் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பாட்டு அளவைப் போட்டால் மெல்லிய பாட்டும் உரத்த பாட்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

அறைக்கு அறை

இதற்குப் பிறகு வருவது எளிது. நாவிட்ரோம், ஜெல்லிஃபின், லிரியன் என்ற சர்வர் மென்பொருள்களில் எதையாவது ஒரு பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலோ நிறுவி, பாட்டுக் கோப்புறையைக் காட்டினால் போதும். சிடித் தரத்துக்கு நொடிக்கு 1.4 மெகாபிட், ஃப்ளாக்கில் அதைவிடக் குறைவு. சாதாரண வைஃபைக்கு இது சுமையே இல்லை.

நெட்வொர்க்கில் தரவு சீராக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். அதனால் ஒலி கெடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை குழாயில் ஒரே சீராக வருகிறதல்லவா, வந்த தரவைக் கொஞ்ச நேரம் சேர்த்துவைக்கும் பிளேயரின் பஃபரும் அப்படித்தான். பஃபரிலிருந்து சாம்பிளை எந்தக் கணத்தில் எடுப்பது என்பதை ஸ்பீக்கர் பக்கத்தில் உள்ள படிகக் கடிகாரம் முடிவு செய்கிறது. பஃபர் வற்றினால் பாட்டு நிற்கும். வற்றாதவரை நெட்வொர்க்கின் தடுமாற்றம் ஒலியில் வராது. ப்ளூடூத் வேறு விஷயம். அது வழக்கமாக ஒலியை மறுபடி இழப்போடு சுருக்கித்தான் அனுப்பும்.

கஷ்டம் வருவது இரண்டு அறையில் ஒரே பாட்டை ஒன்றாக ஓட்டும்போது. இரண்டு ஸ்பீக்கரின் படிகங்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு மணி நேரத்தில் அது 180 மில்லிநொடியாகக் கூடிவிடும். நடுக்கூடத்தில் நின்றால் தெளிவாக எதிரொலி கேட்கும். ஸ்னாப்காஸ்ட் போன்ற மென்பொருள்கள் எல்லாக் கருவிகளின் நேரத்தையும் சர்வரோடு ஓயாமல் ஒப்பிட்டு, முந்துகிற இடத்தில் ஒரு சாம்பிளைச் சேர்த்து, பிந்துகிற இடத்தில் ஒன்றை விட்டு, காதுக்குத் தெரியாமல் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்கின்றன.

அப்புறம் பேக்கப். இரண்டு டிஸ்க்கை ரெய்டில் கட்டி, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே தரவு எழுதப்படும்படி வைப்பது பேக்கப் ஆகாது. தவறிப்போய் அழித்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும். தனியாக இன்னொரு டிஸ்க்கில் ஒரு பிரதி வேண்டும். தட்டுகள் கையில் இருந்தாலும் வேண்டும், ஏனென்றால் எண்களை மறுபடி எடுத்துவிடலாம், மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்திய டேக்குகளை எடுக்க முடியாது. ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பின் தலைப்பிலும் மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் இருக்கிறது. ஃப்ளாக் நிரலிலேயே உள்ள சோதனைக் கட்டளை ஒவ்வொரு கோப்பையும் முழுக்க விரித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒப்பிடும். சில நூறு தட்டுகள் என்றால் இரவில் ஓடவிட்டுத் தூங்கலாம். தவறு என்று காட்டும் கோப்பை மட்டும் மற்றப் பிரதியிலிருந்து கொண்டுவந்தால் போதும். ஆனால் மற்றப் பிரதியின் மேல் எழுதுவதற்கு முன்பு இந்தச் சோதனையை ஓட்டுங்கள். பழுதான கோப்பு நல்ல பிரதியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டால், அந்த ஆல்பத்துக்கு முதலிலிருந்து தட்டைத் தேட வேண்டியதுதான்.