போன் ஸ்க்ரீன்ல மஞ்சளே இல்ல, ஆனா நமக்கு மஞ்சள் தெரியுது

"ஸ்க்ரீன்ல சிவப்பு பச்சை நீலம் மூணுதானாமே, அப்புறம் மஞ்சள் எங்கேருந்து வருது?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. மஞ்சளா ஒரு படத்தை வச்சு அதுமேல ஒரு பொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, லென்ஸ் மாதிரி பெருசாக்கிக் காட்டும், உள்ள சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் மினுக்கும்.

ஸ்கூல்ல படிச்சதுதான், ரெட்டினால, அதாவது கண்ணுக்குள்ள பின்பக்கம் வெளிச்சத்தை வாங்கற படலத்துல, கலர் பார்க்க மூணு வகை கூம்பு செல், ஒவ்வொரு வகையும் முறையே 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளம் பக்கம் வர்ற வெளிச்சத்தை அதிகமா உறிஞ்சும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். ஒரு கூம்பு செல்லுக்குத் தனியா கலரே தெரியாது! எத்தனை போட்டான் (ஒளித்துகள்) மாட்டுச்சுங்கற கணக்கு மட்டும்தான் அதுகிட்ட இருக்கும், மாட்டுனது எந்த அலைநீளம்ங்கற தகவல் அங்கேயே அழிஞ்சுடும். சோடியம் விளக்கோட 589 நானோமீட்டர் நிஜ மஞ்சள், 530 செல்லையும் 560 செல்லையும் ஒரு அளவுக்குத் தூண்டுது, ஸ்க்ரீன்ல இருக்கற சிவப்பும் பச்சையும் சேர்ந்து அதே அளவுக்குத் தூண்டிட்டா ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க கண்ணுக்கு வழியே கிடையாது.

எல்லாக் கலரையும் பார்க்க கண்ணுல மூணு வகை உணர்வி போதும்னு இங்கிலாந்து விஞ்ஞானி தாமஸ் யங் 1802ல சொன்னப்போ டிவியும் இல்ல, கரண்ட் பல்பும் இல்ல. மனுஷக் கூம்பு செல்லுல இருக்கற நிறமிகளை ஒவ்வொரு செல்லா அளந்து பார்த்தது 1964ல. "இதனால என்ன லாபம்"னு கேட்டுட்டு ஃபண்டை நிறுத்தறவங்க இந்த இடைவெளியைக் கொஞ்சம் யோசிக்கணும், அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொறுமையாத்தான் காசு போடணும்.

சரி, மூணு கணக்கும் அப்படியே மூளைக்குப் போகுதான்னா அதுவும் இல்ல. ஒரு கண்ணுல ஒளி வாங்கற செல் சுமார் 10 கோடி, ஆனா மூளைக்குப் போற நரம்பு இழை சுமார் 10 லட்சம்தான். அதனால ரெட்டினாவே கழிச்சுப் பார்த்து வித்தியாசத்தை அனுப்புது: சிவப்பா பச்சையான்னு ஒரு லைன், மஞ்சளா நீலமான்னு இன்னொரு லைன். ஒரே லைன்ல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சாய முடியாதுல்ல, அதான் நீலம் கலந்த பச்சையைப் பார்த்திருப்பீங்க, சிவப்பு கலந்த பச்சையைப் பார்த்திருக்கவே மாட்டீங்க.

அந்த மஞ்சள் படத்தையே கண்ணை அசைக்காம 30 செகண்ட் பார்த்துட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்க. மஞ்சள் பக்கம் ஓஞ்சு போயிருக்கும், லைன் எதிர்ப்பக்கம் சாயும், சுவத்துல நீலமா ஒரு கறை மிதக்கும்.