மூன்றாவது செட்டுக்கு முன் பத்து நிமிடம்

2018 ஜனவரி 27, மெல்போர்ன். ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸ் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டம். முதல் செட் டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கிக்கு. இரண்டாவதை 6-3 என்று ருமேனியாவின் சிமோனா ஹாலெப் எடுத்ததும், இருவரும் கோர்ட்டை விட்டு உள்ளே போய்விட்டார்கள். பத்து நிமிட இடைவேளை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, "நைட் மேட்ச்தானே, வெயிலே இல்லையே, எதுக்கு பிரேக்?" என்று கேட்டான். விளையாட்டு மருத்துவராக என்னிடம் பெற்றோர்கள் அடிக்கடி கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை காய்வது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது; சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். அதனால்தான் போட்டிகளில் வெறும் டிகிரியைப் பார்ப்பதில்லை. மூன்று வெப்பமானிகளின் அளவைக் கலந்து ஒரு எண் எடுப்பார்கள். அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20 சதவீதம், நாம் வழக்கமாகப் பார்க்கும் வெப்பநிலைக்கு வெறும் 10 சதவீதம். யூஎஸ் ஓபனில் இந்த எண் 30.1 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெப்ப விதி, அதாவது ஆட்டத்தின் நடுவே இப்படி இடைவேளை தரும் விதி, அமலுக்கு வரும். வெயில் தாழ்ந்த பிறகும் சென்னைப் புழுக்கத்தில் ஆடிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

இந்த விஷயத்தில் பெண்கள் ஆட்டம்தான் முன்னோடி. பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. 1992-லேயே வெப்ப விதி கொண்டுவந்தது. யூஎஸ் ஓபனில் ஆண்களுக்கு இப்படி ஒரு இடைவேளை கிடைத்தது 2018-ல்தான், அதுவும் அந்த வருட வெக்கை தாங்காமல் அவசரமாக எடுத்த முடிவு.

அன்றைய இறுதி 2 மணி 49 நிமிடம் போய், 7-6, 3-6, 6-4 என்று வோஸ்னியாக்கி ஜெயித்தார். ஹாலெப் பிறகு நீர்ச்சத்துக் குறைவுக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு ஆட்டத்தால் மட்டும் வந்த வினை அல்ல அது. அதே தொடரில் மூன்றாவது சுற்றை முடிக்கவே அவருக்கு 3 மணி 44 நிமிடம் பிடித்தது, கடைசி செட் 15-13. அரையிறுதியில் ஜெர்மனியின் கெர்பரோடு கடைசி செட் 9-7. இரண்டு வாரத்தில் உடம்பு இழந்ததை ஒரு ராத்திரி தூக்கமும் நாலு பாட்டில் தண்ணீரும் திருப்பித் தந்துவிடாது.

சரி, நம்ம ஊர் பிள்ளைகளுக்கு வருகிறேன். நுங்கம்பாக்கத்தில் 2022-ல் பெண்களுக்கான சென்னை ஓபன் நடந்ததிலிருந்து டென்னிஸ் ராக்கெட்டோடு என் கிளினிக்குக்கு வரும் பெண் பிள்ளைகள் கூடியிருப்பதாக எனக்கு ஒரு எண்ணம். அந்தக் கோப்பையை வாங்கிய செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்டோவாவுக்கு அப்போது 17 வயது. இறுதியில் முதல் செட்டைத் தோற்று, மூன்று செட் ஆடி ஜெயித்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜூனியர் போட்டியில் டூட்டி டாக்டராக உட்கார்ந்திருந்தேன். ஏப்ரல் மாதம், பகல் பன்னிரண்டரை. பதினைந்து வயதுப் பெண், அன்றைக்கு அவளுக்கு இரண்டாவது மேட்ச். மூன்றாவது செட்டில் 3-3. சர்வீஸ் போட வந்தவள் தப்பான பக்கத்தில் போய் நின்றாள். அம்பயர் சொன்னதும் மாறினாள். அடுத்த கேமில் ஸ்கோரை மாற்றிச் சொன்னாள். அவள் அம்மா என் பக்கம் திரும்பி, "இன்னிக்கு இவளுக்குக் கவனமே இல்ல டாக்டர்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், அந்த வெயிலில் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. "என்னம்மா பண்ணுது?" என்றேன். "குளிருது டாக்டர்."

மேட்சை நிறுத்தினோம். நிழல், ஈரத்துண்டு, ஐஸ், ஃபேன். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். நல்லவேளை, உயிருக்கே ஆபத்தான ஹீட் ஸ்ட்ரோக் வரை போகவில்லை. அவளுடைய பையை எடுத்தபோதுதான் கவனித்தேன், இரண்டு லிட்டர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் மெல்லச் சொன்னாள்: "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல டாக்டர்."

இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்க ஆரம்பித்தால், பத்தில் பாதிப் பெண் பிள்ளைகள் ஏதோ ஒரு விதத்தில் இதையேதான் சொல்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, நாப்கின் போட இடமில்லை, ஆண்களும் அங்கேயே வருவார்கள். அதனால் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் உடல் சூடு எப்படியும் அரை டிகிரி வரை கூடுதலாக இருக்கும். அதோடு இதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் எல்லோரும் ஓடி வருகிறார்கள். அது வலிக்கும், ஆனால் உப்பு போட்ட மோரும் ஓய்வும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் பயப்படுவது புத்தி தடுமாறுவதைப் பார்த்தால்தான். ஸ்கோர் மறப்பது, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுவது, குடித்தவர் மாதிரி நடப்பது. 2014 யூஎஸ் ஓபன் அரையிறுதியில் சீன வீராங்கனை பெங் ஷுவாய் கோர்ட்டிலேயே சுருண்டு விழுந்தார்; எதிரே ஆடியது அதே வோஸ்னியாக்கி. உள்ளே அழைத்துப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து சில புள்ளிகள் ஆடினார், மறுபடியும் முடியாமல் போய் சக்கர நாற்காலியில் வெளியேறினார். சுற்றிலும் மருத்துவக் குழு இருந்த இடத்தில் நடந்தது இது. ஆட முடியும் என்று விளையாடுகிறவர் சொல்வதை இந்த நேரத்தில் நம்பக் கூடாது. சொல்கிற மூளையும் சேர்ந்துதான் சூடாகியிருக்கிறது.

புத்தி தடுமாறினால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கள், ஆனால் அது வரும்வரை சும்மா நிற்காதீர்கள். அந்த இடத்திலேயே குளிர்வியுங்கள். பெரிய டப்பில் ஐஸ் தண்ணீர் நிரப்பிக் கழுத்துவரை உட்கார வைப்பதுதான் முதல் தரம். தலை தண்ணீருக்குள் போகாமல் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும். டப் இல்லையா, தோட்டத்து ஹோஸ் பைப் போதும், வாளி போதும். ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பெங்கும் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமால் வேண்டாம், இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இந்தச் சூடு இறங்காது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து "99 ஃபாரன்ஹீட்தான் இருக்கு" என்று நிம்மதி அடைவதும் தப்பு. வெளியே தோல் குளிர்ந்திருந்தாலும் உள்ளே 104 ஃபாரன்ஹீட்டை, அதாவது 40 செல்சியஸைத் தாண்டியிருக்கலாம்.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. மேட்சுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 50 கிலோ பெண் ஒரு கிலோ குறைந்திருந்தால் 2 சதவீதம் போய்விட்டது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் குடிக்க வேண்டும். எடை கூடியிருந்தால் அதிகமாகக் குடித்துவிட்டாள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறையும், அதுவும் ஆபத்துதான்.

இப்போதெல்லாம் ஜூனியர் போட்டிக்குக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுகிறேன். ஐஸ் வந்துவிட்டதா, டப் எங்கே என்பதெல்லாம் அப்புறம். முதலில் பெண்கள் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு மைதானத்தில் அது இல்லை. பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் ஒன்று வாங்கி வரச் சொல்லி, வாட்ச்மேன் அண்ணன் மாட்டிய பிறகுதான் முதல் மேட்ச் ஆரம்பித்தது.